தராசு முள் நகர்ந்த சாலை

அமெரிக்க அதிபர் யார் என்பதை முன்கூட்டியே காட்டிவந்த ஊர்கள் 40-ம் எண் நெடுஞ்சாலையோரம் வரிசையாக இருக்கின்றன. இன்று அவற்றில் பெரும்பாலான ஊர்களுக்கு மேலே வேட்பாளர்களின் விமானங்கள் பறந்து போய்விடுகின்றன.

இடக்கையில் பச்சைக் குழந்தை. வலக்கையில் துப்பாக்கி. பாவாடையைப் பற்றிக்கொண்டு ஒரு சிறுவன். மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்த தாய்மார்களின் நினைவாக இந்தச் சிலை 1928, 29 ஆண்டுகளில் அமெரிக்காவின் 12 மாநிலங்களில் நிறுவப்பட்டது. பன்னிரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. முகம், நிற்கும் தோரணை, பூட்ஸ் எதிலும் மாற்றமில்லை. பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா, ஓஹையோ, இண்டியானா, இல்லினாய்ஸ், மிசௌரி என்று அடுத்தடுத்த ஆறு மாநிலங்களில் ஒவ்வொன்று நிற்கிறது. இந்த ஆறையும் கோர்க்கும் நூல், 40-ம் எண் நெடுஞ்சாலை.

சிலைத் திட்டத்தில் முன்நின்ற சாலைச் சங்கத்தின் தலைவர் அப்போது அதிகம் பேர் அறியாத ஒரு மிசௌரிக்காரர். பெயர் ஹாரி ட்ரூமன். ஊர் ஊராகப் போய்ச் சிலைத் திறப்பு விழாக்களில் பேசினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1948 அதிபர் தேர்தலில் தோற்றுவிடுவார் என்று எல்லோரும் எழுதிய பிறகும் ஜெயித்தார். 'ட்ரூமனைத் தோற்கடித்தார் ட்யூவி' என்று அவசரப்பட்டு அச்சடித்த சிகாகோ பத்திரிகையை அவர் சிரித்தபடி தூக்கிக் காட்டியது இதே சாலையிலுள்ள செயின்ட் லூயிஸ் நகரின் ரயில் நிலையத்தில்தான். அந்தத் தேர்தலில் ஓஹையோவை அவருக்குத் தந்தவை சுமார் 7,000 வாக்குகள்.

சிலைகள் இன்றும் ஒரே மாதிரி நிற்கின்றன. சுற்றியுள்ள வாக்காளர்கள் அப்படி இல்லை. ஒரு காலத்தில் இந்தச் சாலையோரம்தான் அமெரிக்காவின் தராசு தொங்கியது. இப்போது அதன் முள் வேறெங்கோ நகர்ந்துவிட்டது.

கணக்கு எளிது, விளைவு விசித்திரம். அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் சேர்த்து 538 தேர்வாளர் இடங்கள். 270 கிடைத்தால் வெற்றி. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் எல்லா இடங்களும் போய்ச்சேரும். ஆகவே எப்படியும் ஜெயிக்கப்போகும் மாநிலத்துக்கு வேட்பாளர் போவதில்லை. எப்படியும் தோற்கப்போகும் மாநிலத்துக்கும் போவதில்லை. அவர் தவம் கிடப்பது ஊசலாடும் மாநிலங்களில் மட்டும்தான்.

எது ஊசலாடும் மாநிலம் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. அது மாறிக்கொண்டே இருக்கிறது. எப்படி மாறுகிறது என்பதைக் கிழக்கிலிருந்து மேற்கே இந்தச் சாலையில் போகிறவர் ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

கரியும் கட்சியும்

அமெரிக்க மத்திய அரசு தன் பணத்தில் போட்ட முதல் பெரிய சாலை இது. 1811-ல் மேரிலாந்தின் கம்பர்லாந்தில் வேலை தொடங்கியது. மலைகளைத் தாண்டி பென்சில்வேனியாவுக்குள் இறங்கும் இடத்தில் ஃபயட் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது). 22 வயது ஜார்ஜ் வாஷிங்டன் 1754-ல் பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்த மரக்கோட்டை இங்கே சாலையோரத்தில் இருக்கிறது. ஆனால் இந்த மண்ணின் உண்மையான சரித்திரம் பூமிக்கடியில் நடந்தது. இங்கு வெட்டிய நிலக்கரிதான் பிட்ஸ்பர்க் உருக்காலைகளை எரியவைத்தது.

1930-களில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் தொழிலாளிக்குச் சங்கம் வைக்கும் உரிமை சட்டமானது. அன்றிலிருந்து சுரங்கத் தொழிலாளிக்கு ஜனநாயகக் கட்சி என்பது கிட்டத்தட்டக் குலதெய்வம். அப்பா போட்ட இடத்தில் மகனும் போட்டார். 2008-ல்கூட மயிரிழையில் ஒபாமாவுக்கே கிடைத்தது ஃபயட். எட்டே ஆண்டுகளில், 2016-ல், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் குடியரசுக் கட்சியின் டொனால்ட் ட்ரம்புக்கு விழுந்தன.

ஆனாலும் பென்சில்வேனியா இன்றும் ஊசலாடும் மாநிலம்தான். காரணம் மாநிலத்தின் மறுகோடியில் இருக்கிறது. பிலடெல்ஃபியாவைச் சுற்றியுள்ள வசதியான புறநகர்கள் பரம்பரையாகக் குடியரசுக் கட்சியின் கோட்டைகள். பட்டதாரிகளும் நிறுவன அதிகாரிகளும் வசிக்கும் செஸ்டர் கவுண்டி 2012-ல் மயிரிழையில் குடியரசுக் கட்சியின் ராம்னிக்கு வாக்களித்தது. நான்கே ஆண்டுகளில் அது ஹிலாரி கிளிண்டன் பக்கம் போய்விட்டது. சுரங்கத் தொழிலாளி ஒரு தட்டிலிருந்து இறங்கி மறு தட்டில் ஏறினார். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர் எதிர்த்திசையில் இடம் மாறினார். தராசு மட்டும் சமமாகவே நின்றது. ட்ரம்ப் 2016-ல் சுமார் 44,000 வாக்குகளில் ஜெயித்தார். பைடன் 2020-ல் சுமார் 80,000 வாக்குகளில் ஜெயித்தார். 2024-ல் மீண்டும் ட்ரம்ப், சுமார் 1.2 லட்சம் வித்தியாசத்தில்.

ஊசலாடும் மாநிலம் என்றால் அங்குள்ள மக்கள் மனம் ஊசலாடுகிறது என்று பொருளில்லை. உறுதியான இரண்டு கூட்டங்கள் தற்செயலாகச் சம எடையில் இருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு கூட்டம் கொஞ்சம் கரைந்தால் போதும், தட்டு தரைதட்டிவிடும். அதைப் பார்க்க அடுத்த மாநிலத்துக்குப் போக வேண்டும்.

தட்டு தரைதட்டிய இடம்

மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் ஓஹையோ ஆற்றின் மேல் 1849-ல் திறந்த தொங்குபாலம் அன்று உலகிலேயே நீளமானது. 2019 முதல் அதில் வாகனங்கள் போவதில்லை.

1932-லிருந்து 1996 வரை இந்த மாநிலம் மூன்றே முறைதான் ஜனநாயகக் கட்சியைக் கைவிட்டது. ரீகன் அலை அடித்த 1980-ல்கூட கார்ட்டருக்கு வாக்களித்த சில மாநிலங்களில் இதுவும் ஒன்று. புராட்டஸ்டன்டுகள் நிறைந்த இங்கே ஒரு கத்தோலிக்கர் ஜெயிக்க முடியும் என்று 1960 வேட்பாளர் தேர்வில் காட்டித்தான் கென்னடி நாட்டை நம்பவைத்தார்.

2000-ல் அது உடைந்தது. சுற்றுச்சூழல் பேசிய அல் கோர் சுரங்கத்தை மூடிவிடுவார், துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்வார் என்ற அச்சத்தை எதிரணி நன்றாக விதைத்தது. மாநிலம் ஜார்ஜ் புஷ்ஷுக்குப் போனது. அந்தத் தேர்தலில் ஃப்ளோரிடாவின் 537 வாக்குகளை உலகமே எண்ணிப் பார்த்தது. ஆனால் மேற்கு வர்ஜீனியாவின் ஐந்து இடங்கள் கோருக்குக் கிடைத்திருந்தால் ஃப்ளோரிடா இல்லாமலேயே அவர் அதிபராகியிருப்பார். 2012 முதல் இங்குள்ள 55 கவுண்டிகளில் ஒன்றில்கூட ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜெயித்ததில்லை.

வேலை போனதால் வாக்கு மாறியது என்பது வழக்கமான விளக்கம். கால வரிசை அதற்கு முழுவதும் ஒத்துவரவில்லை. 1950 வாக்கில் இந்த மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். இன்று இருபதாயிரம்கூட இல்லை. ஆனால் பெரும் வீழ்ச்சி 1950-களிலும் 60-களிலும் இயந்திரங்கள் வந்தபோதே நடந்துவிட்டது. வாக்கு மாறியதோ 2000-ல். இடைப்பட்ட காலத்தில் மெல்ல மறைந்தது சங்கம். வாரக் கூட்டம், வேலைநிறுத்த நாட்களின் கஞ்சித்தொட்டி, தேர்தல் நாளில் வீட்டுக்கு வந்து அழைத்துப் போகும் சக தொழிலாளி எல்லாம் போயின. கட்சியோடு இருந்த உறவு பழக்கமாக மட்டும் மிஞ்சியது. ஆள் பிடித்து நிறுத்தாத பழக்கம் ஒரு தலைமுறையில் தீர்ந்துபோனது.

தேடி வந்த உலகம்

பாலத்தைத் தாண்டினால் ஓஹையோ. 1896 முதல் 2016 வரை நடந்த 31 அதிபர் தேர்தல்களில் 29-ல் இந்த மாநிலம் வென்றவருக்கே வாக்களித்தது. 1964-லிருந்து தொடர்ந்து 14 முறை தவறவே இல்லை. இங்கே பிறந்த அதிபர்களே ஏழு பேர். ஓஹையோவை இழந்த எந்தக் குடியரசுக் கட்சி வேட்பாளரும் இதுவரை வெள்ளை மாளிகைக்குள் நுழைந்ததில்லை. 2004-ல் இங்கே புஷ் பெற்ற சுமார் 1.18 லட்சம் வாக்கு வித்தியாசம் மறுபக்கம் போயிருந்தால் ஜான் கெர்ரி அதிபர்.

அந்த ஆண்டு நடந்த வேடிக்கையை ஸ்பிரிங்ஃபீல்ட் நகரம் மறக்காது. ட்ரூமன் 1928-ல் பேசிய முதல் சிலைத் திறப்பு விழாவும் இந்த ஊரில்தான். ஊர் இருக்கும் கிளார்க் கவுண்டியில் 2000-ல் கோர் 324 வாக்குகளில் ஜெயித்திருந்தார். லண்டனின் கார்டியன் பத்திரிகை, இந்தக் கவுண்டி வாக்காளர்களுக்குக் கடிதம் எழுதுங்கள் என்று தன் வாசகர்களைக் கேட்டுக்கொண்டது. புஷ்ஷுக்கு வேண்டாமே என்று இங்கிலாந்திலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. எங்கள் தேர்தலில் உங்களுக்கென்ன வேலை என்று ஊர் கொதித்தது. முடிவில் கிளார்க் கவுண்டியில் ஜெயித்தவர் புஷ்.

இருபது ஆண்டுகள் கழித்து, 2024-ல், ஸ்பிரிங்ஃபீல்ட் மறுபடி உலகச் செய்தியானது. ஹெய்தியிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஊராரின் செல்லப் பிராணிகளைத் தின்கிறார்கள் என்ற வதந்தியை ட்ரம்ப் தொலைக்காட்சி விவாதத்திலேயே சொன்னார். நகர நிர்வாகமும் மாநிலத்தின் குடியரசுக் கட்சி ஆளுநரும் அதை மறுத்தார்கள். 2004-ல் இந்த ஊரின் வாக்குக்காக உலகம் தேடி வந்தது. 2024-ல் மற்ற மாநில வாக்காளர்களுக்குச் சொல்லும் கதைக்கு மட்டும் இந்த ஊர் தேவைப்பட்டது. அதன் வாக்கு யாருக்கென்று எல்லோருக்கும் முன்பே தெரியும்.

இடையில் என்ன நடந்தது? 2000-ல் ஓஹையோ தொழிற்சாலைகளில் சுமார் 10 லட்சம் பேர் வேலை செய்தார்கள். 2010-ல் ஆறரை லட்சத்துக்கும் கீழே. மெக்சிகோவுடனான வர்த்தக ஒப்பந்தத்தைக் கையெழுத்திட்டுச் சட்டமாக்கியவர் ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன் என்பதை ஆலை மூடிய ஊர்கள் மறக்கவில்லை. 2012-ல் ஒபாமா மூன்று சதவீத வித்தியாசத்தில் ஜெயித்த மாநிலம், 2016-ல் ட்ரம்புக்கு எட்டு சதவீதம் அதிகம் கொடுத்தது. 2024-ல் அது 11 சதவீதம்.

எதிர்த்திசையில் நகர்ந்த இடமும் உண்டு. தலைநகர் கொலம்பஸில் 40-ம் எண் சாலை சட்டமன்றக் கட்டிடத்தை ஒட்டியே போகிறது. பல்கலைக்கழகம், வங்கி, இன்சூரன்ஸ் என்று வளர்ந்த இந்த நகரம் 1980-களில் ரீகனுக்கும் அப்பா புஷ்ஷுக்கும் வாக்களித்தது. 2020-ல் இங்கே பைடனுக்கு ஏறத்தாழ 65 சதவீதம். பிலடெல்ஃபியா புறநகர்களின் கதையேதான். ஆனால் பென்சில்வேனியாவில் சுரங்கத்தை ஈடுகட்டப் புறநகர்கள் போதுமானதாக இருந்தன. ஓஹையோவில் ஆலை ஊர்கள் அதிகம், கொலம்பஸ் ஒன்றுதான்.

ஒரு சோறு பதம்

இண்டியானாவின் மேற்கு எல்லையில் வபாஷ் ஆற்றங்கரையில் டெர் ஹோட் நகரம். வீகோ கவுண்டியின் தலைநகர். கோக-கோலாவின் வளைந்த கண்ணாடி பாட்டில் 1915-ல் வடிவமைக்கப்பட்டது இங்குள்ள கண்ணாடி ஆலையில். அமெரிக்காவில் தயாரான முதல் காம்பாக்ட் டிஸ்க் 1984-ல் இங்கிருந்துதான் வெளிவந்தது. சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸின் சொந்த ஊரும் இதுவே. ஐந்து முறை அதிபர் தேர்தலில் நின்றவர் அவர். 1920-ல் சிறையில் இருந்தபடியே ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வாங்கினார். அவர் வீடு இப்போது அருங்காட்சியகம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அமெரிக்கப் பானைக்கு வீகோ கவுண்டிதான் அந்த ஒரு சோறு. 1888 முதல் 2016 வரை 1908, 1952 ஆகிய இரண்டு தேர்தல்களில் மட்டுமே கணிப்பு பிசகியது. 1956-லிருந்து தொடர்ச்சியாக 16 தேர்தல்களில் சரி. இண்டியானா மாநிலம் பெரும்பாலும் குடியரசுக் கட்சிப் பக்கம் நின்றாலும் வீகோ மட்டும் நாட்டோடு சேர்ந்து சாய்ந்தது. தேர்தல்தோறும் நிருபர்கள் இங்கே வந்து நாடி பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதில் மந்திரம் எதுவும் இல்லை. ஆலைத் தொழிலாளி, கல்லூரிப் பேராசிரியர், மத்திய அரசின் சிறைக் காவலர், சோளம் விளைவிக்கும் விவசாயி என்று நாட்டின் ஒரு கலவை இந்தச் சிறு ஊரில் இருந்தது. அந்தக் கலவைக்குள் இரண்டு கட்சிக்காரர்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள்.

2020-ல் வீகோ தவறியது. நாடு பைடனைத் தேர்ந்தெடுத்தபோது கவுண்டி ட்ரம்புக்கு வாக்களித்தது. அதே ஆண்டில் ஓஹையோவும் 60 ஆண்டுகளில் முதல்முறையாகத் தவறியது. 2024-ல் ட்ரம்ப் மீண்டும் வென்றதால் இரண்டும் மறுபடி வென்றவர் பக்கம் நிற்கின்றன. ஆனால் அதைக் கணிப்பு என்று சொல்ல முடியாது. ஓடாத கடிகாரமும் ஒரு நாளைக்கு இருமுறை சரியான மணி காட்டும். பட்டம் பெற்றவர்கள் பெருநகரங்களில் ஒரு கட்சிக்கும், பெறாதவர்கள் சிற்றூர்களில் மறு கட்சிக்கும் என்று பானையே இரண்டாகப் பிரிந்த பிறகு, எந்த ஒரு சோற்றைப் பதம் பார்ப்பது?

இரண்டு ஃபயட்டுகள்

இல்லினாய்ஸின் வண்டேலியா, மத்திய அரசு போட்ட பழைய சாலையின் மேற்கு முனை. 1839 வரை மாநிலத் தலைநகர். இளம் ஆப்ரகாம் லிங்கன் சட்டமன்ற உறுப்பினராக நடமாடிய ஊர். இந்தக் கவுண்டியின் பெயரும் ஃபயட்தான். பென்சில்வேனியாவின் ஃபயட்டைப் போலவே இதுவும் ட்ரம்பின் கோட்டை. 2020-ல் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் அவருக்கே.

ஆனால் இந்த ஃபயட்டின் வாக்குக்கு அந்த ஃபயட்டின் மதிப்பு இல்லை. இல்லினாய்ஸும் ஒரு காலத்தில் தராசு மாநிலம்தான். இருபதாம் நூற்றாண்டின் 25 தேர்தல்களில் 23 முறை வென்றவர் பக்கம் நின்றது. 1960-ல் கென்னடி இங்கே ஜெயித்தது 9,000-க்கும் குறைந்த வாக்குகளில். 1992-லிருந்து சிகாகோவும் அதன் புறநகர்களும் சேர்ந்து மாநிலத்தை ஜனநாயகக் கட்சிக்கே எழுதிக்கொடுத்துவிட்டன. வண்டேலியா விவசாயி எத்தனை வாக்கு போட்டாலும் அது சிகாகோ வெள்ளத்தில் கரைந்துவிடும். கொலம்பஸ் பேராசிரியருக்கு ஓஹையோவில் நடப்பதும் அதுவே. வாக்காளர் எந்தக் கட்சி என்பதைவிட எந்த மாநில எல்லைக்குள் வசிக்கிறார் என்பதே அவர் வாக்கின் எடையைத் தீர்மானிக்கிறது.

மிஸ்ஸிசிப்பியைக் கடந்தால் 630 அடி உயர எஃகு வளைவு செயின்ட் லூயிஸுக்கு வரவேற்கிறது. 1950-ல் 8.5 லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் 2020-ல் மூன்று லட்சம் பேர். ட்ரூமனின் மிசௌரி 1904 முதல் 2004 வரை 26 தேர்தல்களில் 25-ல் வென்றவரைச் சொன்னது. பிசகியது 1956-ல் மட்டும். 2008-ல் ஒபாமா நாட்டை வென்றபோது இங்கே 4,000-க்கும் குறைந்த வாக்குகளில் தோற்றார். ஒரு நூற்றாண்டுப் பெருமை அத்தோடு முடிந்தது. 2024-ல் ட்ரம்ப் இங்கே 18 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். அதிபர் தேர்தலின் காற்று கீழேயும் அடித்தது. இண்டியானாவிலும் மிசௌரியிலும் 2018-ல், ஓஹையோவில் 2024-ல் ஜனநாயகக் கட்சியின் செனட்டர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

பைபாஸ்

1956-க்குப் பின் இந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே 70-ம் எண் விரைவுச்சாலை போடப்பட்டது. பழைய சாலையோர மோட்டல்களும் சாப்பாட்டுக் கடைகளும் பெட்ரோல் பங்க்குகளும் மெல்லக் காலியாயின. பைபாஸ் போட்ட ஊரின் கதை நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. வண்டிகள் குறைந்துவிடவில்லை. ஊருக்குள் நிற்பதுதான் இல்லை.

அரசியலிலும் அதுதான் நடந்திருக்கிறது. 2024-ல் வேட்பாளர்களின் நாட்களும் விளம்பரப் பணமும் ஏழு மாநிலங்களில் குவிந்தன: பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா. கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் மக்கள் கோவிலில் பூசை செய்து காத்திருந்தது, உண்மையில் இந்த ஏழின் முடிவுக்குத்தான். ஏழும் ட்ரம்புக்குப் போயின. 40-ம் எண் சாலை கோர்க்கும் இந்த ஆறு மாநிலங்களின் சிலைகளில் ஊசலாடும் மாநிலத்தில் நிற்பது இப்போது ஒன்றே ஒன்று, பென்சில்வேனியாவில்.

நிற்காத வேட்பாளர் வாக்கு மட்டுமா கேட்காமல் போகிறார்? ஊரின் மூடிய ஆலையையும் பழுதான பாலத்தையும் பார்க்காமல் போகிறார். எடுத்துச் சொல்ல ஆளில்லாத குறைகள் கோபமாகச் சேர்கின்றன. அந்தக் கோபம் தட்டை இன்னும் சாய்க்கிறது. தட்டு சாயச் சாய, அடுத்த வேட்பாளர் நிற்கக் காரணம் இன்னும் குறைகிறது.

ஆனால் எந்த ஏற்பாடும் நிரந்தரமில்லை என்பதும் இந்தச் சாலை சொல்லும் பாடம். 1968 முதல் 2004 வரை குடியரசுக் கட்சியின் சொத்தாக இருந்த வர்ஜீனியா இன்று மறுபக்கம். 2000-ல் தேர்தலையே தாங்கி நின்ற ஃப்ளோரிடாவில் 2024-ல் ட்ரம்புக்கு 13 சதவீத முன்னிலை. இன்று செல்லப்பிள்ளைகளாக இருக்கும் ஏழுக்கும் ஒரு நாள் பைபாஸ் வரும்.

மிசௌரியின் லெக்சிங்டனில் அந்தத் தாய் இன்றும் குழந்தையோடும் துப்பாக்கியோடும் நிற்கிறாள். அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள இண்டிபெண்டன்ஸ் நகரில், தன் நூலகத்தின் முற்றத்தில், ட்ரூமன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். எல்லோரும் கைகழுவிய தேர்தலில் ஊர் ஊராக ரயிலை நிறுத்தி, பெட்டியின் பின்வாசலில் நின்று பேசி ஜெயித்தவர் அவர். இன்றைய வேட்பாளர்களுக்கு அத்தனை ஊர்களில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை.